பூசை போட்ட கணினி

1

இந்தக் கதை ஒரு பூசணிக்காயால் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஆயுத பூசை. எண்ணூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓரமாக வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றின் முகத்திலும் வாழைக்கன்று, மாலை, சந்தனம். நடுரோட்டில் ஒருவர் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, அவர் உடைக்கும்வரை காத்திருந்தார். இந்தப் பக்கத்தில் பூசணிக்காயைப் பார்த்து யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

அந்த நேரத்தில்தான் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் என்று ஒரு பலகை. கீழே படிக்கட்டை மூடி ஷட்டர் இறக்கியிருந்தது. அதன் முன்னால் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஒரு மனிதரின் முகத்தைப் பார்ப்பதுபோல ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசணிக்காய் உடைந்தது. பஸ் கிளம்பியது.

இரண்டு நிறுத்தம் தள்ளிப்போன பிறகுதான் அந்தத் தாள் எனக்குப் புரிந்தது. தலைப்பில் நீலச் சூரியன் போட்ட தேர்வு நுழைவுச் சீட்டு. என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே கணினிப் பட்டயப் படிப்பு. அந்தப் பல்கலைக்கழகம் எங்கோ வடக்கே இருக்கிறது. எனக்கு அது ராயபுரத்தில் ஒரு மாடி அறையில், ஒரு கணினித் திரைக்குள் இருந்தது. அதில் சேர்ந்ததிலிருந்து நான் கண்ணால் பார்த்த ஒரே சகமாணவர் அவள்தான். ஒரு பூசணிக்காய் உடையும் நேரம் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் செய்தது. அந்த ஷட்டரை எப்படியாவது திறக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டு அரைத் தூக்கத்தில்

[இல்லை. திருவொற்றியூரில் வானத்திலிருந்து விழுவது அனல்மின் நிலையத்துச் சாம்பல் மட்டும்தான். அதற்கும் யாரும் மேல்கோட்டு போட்டுக்கொள்வதில்லை.]

இந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கிளை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் இருக்கும் அலமாரி ஜன்னலுக்கு எதிரில் இருந்தது. அதன் முன்னால்தான் நான் வளர்ந்தேன். அந்த நாவல்களில் மாணவர்கள் மிகவும் ஏழைகள். ஆனால் அவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் இருக்கும். நீண்ட தாழ்வாரம் இருக்கும். வாடகை கேட்டுக் கதவைத் தட்டும் வீட்டுக்காரி இருப்பாள். சூப் ஆறிப்போகும்வரை கடவுளைப் பற்றிச் சண்டை போட நான்கு நண்பர்கள் இருப்பார்கள். அப்படி ஒரு ஏழையாக வேண்டும் என்றுதான் நான் படிப்பில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு கடவுச்சொல்.

இரண்டாவது தொடக்கம்: இணையவழிக் கல்வி பரவப் பரவ, கல்லூரி வளாகம் என்பதன் பொருளே மாறக்கூடும். கட்டடங்கள் தேவையற்றுப் போகலாம், தேர்வுகளும்

[கட்டுரை. பாதியில் நிறுத்துகிறேன். ஆனால் அழிக்கவில்லை, ஏனென்றால் இதில் சொல்லியிருப்பதுதான் எனக்கு நடந்தது.]

மூன்றாவது தொடக்கம்: வினிதாவின் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

இதை வைத்துக்கொள்கிறேன், ஷட்டர் முன்னால் நின்றவளுக்கு நான் வைத்த அந்தப் பெயரையும்.

3

வினிதாவின் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து அவள் எறா, அதாவது இறால், உரிக்கும் கம்பெனியில் வேலை செய்தாள். ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்கக் கை. அப்பா பொன்னுரங்கம் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். அம்மா குப்பம்மா தெருத்தெருவாக மீன் விற்பவர். பகல் கல்லூரிக்கு அவளால் போக முடியாது. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று சொன்ன ஒரே கல்லூரி இதுதான்.

கம்பெனியில் ஈர அறை ஒன்று, காய்ந்த அறை ஒன்று. காய்ந்த அறையில் பெட்டிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை. பட்டயம் வாங்கிவந்தால் அங்கே ஒரு நாற்காலி தருவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு தாள்தான் பாக்கி. இந்த மாதத்துக்குள் அதில் தேறாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும், முதலிலிருந்து எல்லாம். காய்ந்த அறைக்கும் அவளுக்கும் நடுவில் அந்த ஒரு தாள் நின்றது.

[சந்தேகம்: காய்ந்த அறை அவளுடைய ஆசையா, என்னுடையதா? எறா கம்பெனி வாசலைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறவன் நான். அவளுக்கு அந்த வாடை தெரியுமா என்றே எனக்குத் தெரியாது. ஆனால் கை காய்ந்திருக்க வேண்டும் என்று யாரும் ஆசைப்படலாம்.]

மகள் படிக்கிற கல்லூரியைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் குப்பம்மா சென்டருக்கு வந்தார். வியாபாரம் முடித்த கையோடு கூடையைப் படிக்கட்டின் கீழே கவிழ்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடியேறினார்.

“இதாடி காலேஜி?”

“இதாம்மா.”

“பெஞ்சு எங்க?”

“பெஞ்செல்லாம் கெடையாதும்மா. அல்லாம் உள்ளதான் கீது.” திரையைக் காட்டினாள்.

“வாத்தியாரு?”

“அவரும் உள்ளதான்.”

“கூடப் படிக்கிற பசங்க?”

வினிதா கொஞ்சம் யோசித்தாள். “எங்கனா இருப்பாங்கம்மா.”

குப்பம்மா சென்டர் நடத்தும் ஜெகதீசன் பக்கம் திரும்பினார். “இன்னா தம்பி, பீஸ மட்டும் வெளிய வாங்கிகினு, காலேஜ உள்ள வச்சிப் பூட்டிகினியா?”

“அய்ய, அப்டியெல்லாம் இல்லக்கா. இப்ப ஒலகமே இப்டித்தான் மாறிகினு கீது. பாப்பா, அம்மாவுக்கு காலேஜ் படம் காட்டு.”

வினிதா வலைத்தளத்தில் ‘வளாகம்’ என்ற சொல்லை அழுத்தினாள். திரை வெகுநேரம் வெள்ளையாக இருந்தது. பிறகு மஞ்சள் பலகை ஒன்று வந்தது. அதில் மண்வெட்டியோடு ஒரு கறுப்பு மனிதன் ஓயாமல் தோண்டிக்கொண்டிருந்தான்.

“யாருடி இவன்?”

“வேல நடந்துகினு கீதுன்னு அர்த்தம்மா.”

“எத்தினி நாளா?”

“நான் சேந்ததுலேர்ந்து.”

“ஒரே எடத்துல நோண்டிகினு கீறானே,” என்றார் குப்பம்மா. “பாவம், கூட ஒரு ஆளு போட்டிருக்கலாம்.”

[அடிக்குறிப்பு போல ஒன்று: தோண்டும் மனிதனை நான் கற்பனை செய்யவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் வலைத்தளத்தில் அவன் இருக்கிறான். பாடத்தைப் படித்து முடித்த பிறகும் சென்டரில் நேரம் மீதியிருந்தால் நான் அவனைத் திறந்து வைத்துக்கொள்வேன். அந்தக் கல்லூரியில் அசைகிற ஒரே மனிதன் அவன்தான்.]

4

தேர்வுத் தேதியை வினிதாவே தேர்ந்தெடுத்தாள். இது இந்தப் படிப்பின் பெருமைகளில் ஒன்று என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்: உங்கள் தேர்வு, உங்கள் வசதிப்படி. வலைத்தளத்தில் மாதத்தின் கட்டங்கள் வரும். இடம் இருக்கிற நாள் பச்சை. ஞாயிறு பச்சை. காந்தி ஜெயந்தி பச்சை. எல்லா நாளும் பச்சையாக இருக்கும் ஒரு நாட்காட்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாதாரணக் கல்லூரியில் தேதியை வேறு யாரோ வைப்பார்கள். நம் அக்காவின் கல்யாணத்தன்றுதான் வைப்பார்கள். அதற்காக வகுப்பே சேர்ந்து அவர்களைத் திட்டும். திட்டுவதில் ஓர் உறவு இருக்கிறது. இங்கே திட்டுவதற்கு ஆளும் இல்லை, கூடச் சேர்ந்து திட்டவும் ஆளில்லை.

வினிதா ஆயுத பூசை நாளைத் தொட்டாள். அன்றைக்குக் கம்பெனி விடுமுறை. வேறு எந்த நாளும் அவளுக்கு முழுதாகக் கிடையாது. காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். நுழையாவிட்டால் ‘வரவில்லை’ என்று அதுவே எழுதிக்கொள்ளும்.

[கதையின் பலவீனமான இடம் இது. ஒவ்வொரு வருடமும் அப்பாவின் படகைக் கழுவி, மாலை போட்டு, அடுத்த நாள்வரை யாரும் தொடாமல் நிறுத்துவதைப் பார்த்து வளர்ந்தவள், சென்டரும் அன்று மூடியிருக்கும் என்று எப்படி யோசிக்காமல் போனாள்? நீங்கள் கேட்பதற்கு முன் நானே பலமுறை கேட்டுவிட்டேன். எனக்குக் கிடைத்த பதில் இது: ஆயுதம் என்றால் அவளுக்குப் படகு, வலை, அம்மாவின் மீன் கத்தி. கணினி அவள் மனதில் அந்த வரிசையில் இல்லை. அது அவளுக்குக் கல்லூரி. கல்லூரிக்கு யாராவது பொட்டு வைப்பார்களா?

ஜெகதீசனுக்கு அது பிழைப்பு. அதனால் வைத்தார்.]

5

அன்று காலை வினிதா வந்தபோது ஷட்டர் மூடியிருந்தது. நான் பார்த்த பெண் இந்த இடத்தில்தான் நிற்கிறாள். இதற்குமேல் எனக்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

பக்கத்துச் சந்தில் ஜெகதீசனின் வீடு. அவள் சந்துக்குள் ஓடினாள்.

“ஜெகதீசண்ணா! அண்ணா!”

அவர் புது வேட்டியில், கையில் பொரித் தட்டோடு வந்தார். “இன்னா பாப்பா, பொரிக்கு வாசன புடிச்சிகினு வந்துட்டியா? வா, வா.”

“எக்ஸாம்ணா. இன்னிக்கு எனக்கு எக்ஸாம்.”

“இன்னிக்கா? எவன்மா அவன், பூசையன்னிக்கு எக்ஸாம் வச்சவன்?”

“நான்தாண்ணா வச்சேன்.”

ஜெகதீசன் திண்டாடியபடி தட்டை இடது கைக்கு மாற்றினார். “அதுக்கு ஒரு மெயில் வந்திருக்கணுமே. நேத்துலேர்ந்து அல்லாத்தையும் தொடச்சிகினு இருந்தேன், எங்க பாத்தேன்? பூசையும் போட்டாச்சும்மா. இனிமே நாளைக்கு காலைலதான் தொடணும். நீயே சொல்லு, உங்க நைனா இன்னிக்கு கடல்ல போட்ட எறக்குவாரா?”

“எறக்க மாட்டாரு.”

“அப்பறம்?”

இந்த ‘அப்பறம்’ என்ற சொல்லின் முன்னால் நான் வெகுநாள் உட்கார்ந்திருந்தேன். ஜெகதீசன் கெட்டவர் இல்லை. அவர் சொல்வது அவளுடைய வீட்டு நியாயமும்கூட. என்னிடம் இருந்த வழிகள்:

வினிதா அழுகிறாள், அவர் மனம் இளகுகிறது. [அழுகையால் திறக்கும் ஷட்டர்களை நான் அதிகம் படித்துவிட்டேன்.]

வினிதா பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். [பேசினால், மூன்று மொழிகளில் ஒரு குரல் அவளைக் காத்திருக்கச் சொல்லும். மனிதக் குரல்தான். மனிதர் இருக்க மாட்டார்.]

நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அவளுக்காகப் பேசுகிறேன். [நான் இறங்கினால் இது காதல் கதையாகிவிடும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவளைக் கேட்கவில்லையே.]

கடைசியில் நான் பேசாமல் இருந்தேன். அவள் பேசினாள்.

“ஒரு போட்டு திரும்பி வரலன்னா எறக்குவாங்கண்ணா.”

“இன்னாது?”

“பூசை போட்டு கட்டி வச்சிருக்கற அன்னிக்கு ஒரு போட்டு கரைக்கு வந்து சேரலன்னு வையி. மாலையக்கூட கயட்ட மாட்டாங்க. பொட்டோட எறக்கிகினு தேடப் போவாங்க. சாமி குத்தம்னு எவனும் சொன்னது கெடையாது.”

ஜெகதீசன் பொரித் தட்டையே பார்த்தார். “சரிம்மா. இப்ப எந்த போட்டு வரல?”

[இங்கே அவள் “நான்தாண்ணா” என்று சொல்வதாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. மொழிபெயர்ப்பு நாவலில் வருவதுபோலவே இருந்தது. அதனால் எடுத்துவிட்டேன். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைச் சொல்லிச்சொல்லி வளர்ந்த பெண் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டாள். அவள் வீட்டில் அது உவமை இல்லை.]

“மணி ஆவுதுண்ணா,” என்றாள் வினிதா.

வீட்டுக்குள்ளிருந்து ஜெகதீசனின் மனைவி பூவம்மாவின் குரல் வந்தது. “சாவி ஆணியில கீது. படிக்கிற புள்ளைய வாசல்ல நிக்க வச்சிகினு அங்க இன்னா பட்டிமன்றம்? சரஸ்வதி பூசதான இன்னிக்கி?”

“நீ வேற,” என்றார் ஜெகதீசன். ஆனால் சாவியை எடுக்கப் போய்விட்டார்.

6

ஷட்டர் பாதிவரைதான் ஏறியது. இருவரும் குனிந்து நுழைந்து மாடிக்குப் போனார்கள். அறையெங்கும் சாம்பிராணி வாசம். ஒவ்வொரு கணினிக்கும் சாமந்தி மாலை. திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். மௌசுக்குக்கூடச் சின்னதாக ஒரு பொட்டு.

ஜெகதீசன் கடைசிக் கணினியின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “கோச்சுக்காத. அவசரம்,” என்று அதனிடம் சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றாமலேயே சுவிட்சைப் போட்டார். மோடம் கரகரத்துக் கூவி அடங்கியது. நீலச் சூரியன் மெல்ல உதித்தது.

தேர்வுக்குள் நுழைவதற்கு முன் காமிரா ஒரு படம் எடுக்க வேண்டும். எழுதுவது அவள்தான் என்பதற்கு அதுவே சாட்சி. வினிதா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய நிலா வந்தது.

“இன்னாண்ணா இது? என் மூஞ்சியக் காணோம்?”

ஜெகதீசன் குனிந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். “காமிராவுக்கும் பொட்டு வச்சிட்டேன்மா.”

“கண்ணுலயா வப்பாங்க?”

“நெத்திலதான் வக்கலாம்னு தேடனேன். அதுக்கு கண்ணு மட்டுந்தான் கீது, நான் இன்னா பண்றது?”

வினிதா சிரித்தாள். இந்தக் கதையில் அவள் சிரிப்பது இந்த ஒரு முறைதான்; அதனால் அடுத்த வரிக்குப் போக எனக்கு அவசரமில்லை. அவள் சிரிக்கட்டும்.

துப்பட்டா நுனியால் துடைத்தாள். குங்குமம் போனது, சந்தனம் இழுபட்டு லென்ஸ் முழுக்கப் படர்ந்தது. மூடுபனிக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் அவள் முகம் திரையில் தெரிந்தது. எங்கோ தொலைவில் இருந்த அந்த இயந்திரம் சற்று யோசித்துவிட்டு, இவள் இவள்தான் என்று ஒப்புக்கொண்டது. பன்னிரண்டு ஆவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

“நான் கூட இருக்கணும்னு ரூல்ஸ் கீது,” என்றார் ஜெகதீசன். “வூட்ல சொந்தக்காரங்க வந்துகினு இருப்பாங்க. நீ இன்னா, யாரப் பாத்து காப்பி அடிக்கப் போற? முடிச்சிட்டு ஷட்டர இறக்கி சாவியக் குடுத்துடு, இன்னா?”

அவர் படி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

7

தேர்வுக் கூடத்தில் நாம் தனியாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். பன்னிரண்டாவது பரிட்சை எழுதிய நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். பின்பெஞ்சில் ஒருவன் பெருமூச்சு விடுவான். நமக்குத் தெரியாத கேள்வி அவனுக்கும் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். யாரோ கூடுதல் தாள் கேட்பார்கள், நாம் நம் தாளில் மீதியிருக்கும் பக்கங்களை எண்ணுவோம். கண்காணிப்பாளரின் செருப்புச் சத்தம் நெருங்கும், விலகும். கடைசி மணிக்குப் பிறகு விடைத்தாளைக் கட்ட நூல் கிடைக்காமல் எல்லோரும் கையை நீட்டுவோம். அது தனிமை என்றால், அதில் நாற்பது பேர் இருந்தோம்.

வினிதாவின் அறையில் ஒரு மின்விசிறியும், மாலை போட்டு அணைத்துவைத்த கணினிகளும் இருந்தன.

கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. விடை தொட்டதும் கேள்வி போய்விடும். திரும்பிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் திரை வெள்ளையாகும். வெள்ளையாக இருக்கிறபோதெல்லாம் இணைப்பு அறுந்துவிட்டதா என்று அவள் மோடத்தின் சின்ன விளக்கைப் பார்ப்பாள். விளக்கு இமைக்கும். அவள் மூச்சு விடுவாள். மாலையிலிருந்து சாமந்தி இதழ் ஒன்று கீபோர்டில் விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தாள். ஐஸில் ஊறி ஊறி உணர்ச்சி மங்கிய விரல், மௌசை அழுத்தியதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. ‘டிக்’ என்ற சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். அந்த அறையில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

கடைசிக் கேள்வி போனது. முடிக்கவா என்று கேட்டது. முடி என்றாள்.

[முதல் பிரதியில் அவள் தோற்றாள். தனிமையான கதைக்குத் தோல்விதான் பொருத்தம் என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தபோது வேறு மாதிரி ஆனது. தோற்ற செய்தியோடு அவள் வீட்டுக்குப் போனால், குப்பம்மா பல்கலைக்கழகத்தை வண்டை வண்டையாகத் திட்டுவார். ஈர அறைப் பெண்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். ஒருத்தி, “வாடி கலெக்டரு,” என்பாள். தோல்விக்குக் கூட்டம் இருந்தது. அதனால் அந்தப் பிரதியை அடித்துவிட்டேன்.]

விடைத்தாள் திருத்துவதற்கு இப்போது மாதங்கள் ஆவதில்லை. மூச்சு விடுவதற்குள் திரையில் பச்சை எழுத்தில் வந்தது: தேர்ச்சி.

வினிதா திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி மேசைக்குள் தள்ளியிருந்தது.

8

அச்சிடவா என்று கேட்டது. அச்சு இயந்திரத்துக்கும் மாலை போட்டிருந்தது. இன்னொன்றையும் எழுப்ப அவளுக்கு மனமில்லை. வேண்டாம் என்றாள். அதனால் அவள் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கணினியை அணைத்தாள். சரிந்த மாலையை நேராக்கினாள். விசிறியை நிறுத்தினாள். படியிறங்கத் தொடங்கினாள்.

கீழே யாராவது நிற்க வேண்டும். இந்த வரியில் பலரை நிறுத்திப் பார்த்தேன். குப்பம்மா பொருந்தவில்லை, அவர் இந்நேரம் மீன்பிடித் துறைமுகத்தில், பொன்னுரங்கத்தின் படகுக்கு உடைத்த தேங்காயைப் பங்கிட்டுக்கொண்டிருப்பார். ஜெகதீசன் விருந்தாளிகளோடு இருக்கிறார். எறா கம்பெனித் தோழி ஒருத்தியைக் கொண்டுவந்தேன். அவளுக்குப் பெயர் வைப்பதற்குள் அவள் பொய் என்று தெரிந்துவிட்டது. நானோ சித்தி வீட்டில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருக்கிறேன். பஸ் எப்போதோ எண்ணூர் போய்விட்டது.

கல்லூரிகளில் மரம் வைத்தது எதற்காக என்று கட்டியவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. தேர்வு முடிந்து வெளியே வருகிறவர்கள் அதன் அடியில் ஒரு நிமிடம் நிற்பார்கள். முகம் மட்டும் தெரிந்த ஒருவர் தாண்டிப்போகிறபோது, “எப்படி எழுதின?” என்று கேட்பார். பாதிப் பேர் பதிலைக் காதில் வாங்க மாட்டார்கள். ஆனால் கேட்பார்கள். இனி ஒவ்வொருவருக்கும் வேறுவேறு நாள். ஒவ்வொருவருக்கும் இயந்திரம் கலைத்துப் போட்ட வேறுவேறு கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு என்ன எழுதின என்று கேட்டால், எந்த மூன்றாவது என்றுதான் திரும்பக் கேட்க வேண்டும். வளாகம் இல்லாத கல்லூரிகள் எதை வேண்டுமானாலும் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். இந்த ஒன்றைக் கேட்க ஓர் ஆளை அவர்களால் அனுப்ப முடியுமா என்று தெரியவில்லை.

என்னால் முடிகிறது. நீங்கள் இங்கேவரை வந்துவிட்டீர்கள்.

பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே முதலில் அவள் செருப்பு தெரிகிறது. பிறகு குனிந்து வெளியே வருகிறாள். வெயில் கண்ணில் படுகிறது. எதிரில் உங்களைப் பார்க்கிறாள். சென்டருக்கு வந்தவர் என்று நினைத்துக்கொள்கிறாள்.

“இன்னிக்கி சென்டர் லீவுங்க. நாளைக்கி வாங்க.”

ஷட்டரைக் கீழே இழுத்துப் பூட்டுகிறாள். விரல்களில் சந்தனம் காய்ந்திருக்கிறது. சாவியைக் கொடுக்கச் சந்துப் பக்கம் திரும்புகிறாள். சந்து முனைவரை அதிக தூரம் இல்லை. அங்கே திரும்பிவிட்டால் பிறகு வீடு, நாளை கம்பெனி. எப்படி எழுதின என்று அவளிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

நான் இதற்குமேல் எழுதவில்லை. அவள் மெதுவாகத்தான் நடக்கிறாள்.